காதுக்குள் சொன்னதை உரக்கச் சொன்ன நாள்

முதல் நாள்

எண்பதுகளின் பின்பாதியில் தென் லண்டனில் ஒரு சட்ட உதவி நிலையத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். முதல் நாளே அங்கே வழக்குகளைக் கவனித்த சொலிசிட்டர் மார்சியா என்னை உட்காரவைத்துச் சட்டம் போட்டார்.

"அறைக்குள் யார் வாய் திறந்தாலும் அது எல்லாருக்கும் கேட்க வேண்டும். முணுமுணுத்தாலும் சரி, என்னைத் திட்டினாலும் சரி, அப்படியே இங்கிலீஷில் வரவேண்டும். உங்கள் சொந்தச் சரக்கு மட்டும் வேண்டாம்."

எனக்கு எரிச்சல். யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் படிப்பித்தவளிடம் சொந்தமாக ஒன்றும் பேசாதே என்றால் எப்படி இருக்கும்? சம்பளம் வேண்டுமே என்று தலையாட்டினேன்.

இராசமலர்

என்னுடைய முதல் பெரிய கேஸ் இராசமலரின் மகள் தர்சினியுடையது. ஒன்பது வயது. வீட்டுக்கு எதிரேயே பள்ளிக்கூடம். அங்கே சேர்க்கப் போனபோது, பள்ளிகளை நிர்வகிக்கும் உள்ளூர் கவுன்சிலின் ஆட்கள் படம் காட்டிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். பிள்ளை கை கட்டி, தலை குனிந்து நின்றிருக்கிறாள். இங்கிலீஷே தெரியாது என்று முடிவுகட்டி, பஸ் ஏற்றித் தூரத்திலுள்ள ஒரு மொழி சென்டருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தமிழ், வங்காளி, சோமாலிப் பிள்ளைகள்தான். வெள்ளைப் பிள்ளை மருந்துக்கும் இல்லை. சில மாதம் என்றார்கள். வருடம் ஒன்று கழிந்தும் விடவில்லை.

"நிறத்தைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். சட்டப்படி பிழை," என்றார் மார்சியா. அவருடைய பெற்றோர் ஜமெய்க்காவிலிருந்து வந்தவர்கள். சிறு வயதில் அவரையும் இப்படித்தான் வேறு பள்ளிக்கு ஒதுக்கினார்களாம்.

இராசமலருக்குப் பயம். "அகதியா வந்த இடத்தில கவுன்சிலோட கொழுவுறதோ, அக்கா? விசாவில கை வைச்சா நாங்கள் எங்க போறது?"

அதையும் மொழிபெயர்த்தேன். விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மார்சியா திரும்பத் திரும்பச் சொன்னார்.

"பஸ்சுக்கு நிக்கேக்க பிள்ளை முன்னால இருக்கிற பள்ளிக்கூடத்தையே பாத்துக்கொண்டு நிக்கிறாள்," என்றாள் இராசமலர் கடைசியில். "சரி, போடுங்கோ வழக்கை."

விசாரணை

நீதிமன்றத்துக்கு முன், முதலில் பள்ளி இடம் பற்றிய மேன்முறையீட்டுக் குழு. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். சென்டர் எப்படி இருக்கிறது என்று தலைவர் நேரே தர்சினியிடமே கேட்டார். அவள் எழுந்தாள், கை கட்டினாள், தலை குனிந்தாள். மூச்சுவிடவில்லை. தலைவர் மறுபடி கேட்டார். அப்போதும் இல்லை. கவுன்சில் வக்கீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கடவுளே, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அந்த நேரம் இராசமலர் என் காதுக்குள் சொன்னாள்: "அக்கா, பெரியாக்களுக்கு முன்னால வாய் காட்டக் கூடாதெண்டு அண்டைக்கும் இண்டைக்கும் நான்தான் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தனான். இப்ப கதைக்கச் சொல்லட்டோ?"

காதுக்குள் சொன்னதைச் சபையில் போட்டுடைப்பது நம்மவர் பழக்கமில்லை. என்ன செய்ய, மார்சியாவின் சட்டம் அப்படி. எழுந்து நின்று, ஒரு சொல் விடாமல் உரக்கச் சொன்னேன். சாய்ந்திருந்த வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தயவுசெய்து பேசச் சொல்லுங்கள்," என்றார் தலைவர்.

"கதை பிள்ளை, ஒண்டும் பயமில்லை," என்றாள் தாய்.

தர்சினி நிமிர்ந்தாள். புத்தக இங்கிலீஷ்தான், ஆனால் தெளிவாக வந்தது: "டீச்சர் நல்லவர், சேர். ஆனால் எங்கள் சென்டரில் இங்கிலீஷ் பிள்ளை ஒருவரும் இல்லை. நான் யாரோடு பேசிப் பழகுவது?"

"என்னவாம், அக்கா?" என்று இராசமலர் என் கையைப் பிடித்தாள். அதையும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

பிறகு

வீட்டுக்கு எதிரே இருந்த பள்ளியிலேயே தர்சினிக்கு இடம் கிடைத்தது. மார்சியா அதோடு விடவில்லை. மற்றப் பிள்ளைகளுக்காகவும் வழக்கை நடத்தினார். தொண்ணூறுகளில் அந்த சென்டரையே மூடினார்கள்.

பல வருடம் கழித்து என் மகனைப் பள்ளியில் சேர்த்தபோது யாரும் படம் காட்டிச் சோதிக்கவில்லை. பெயரைக் கேட்டார்கள், கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்து இராசமலருக்கு போன் எடுத்து அழுதேன். "நான் என்ன செய்தனான், அக்கா? பயந்து செத்ததுதான்," என்றாள். பயத்தோடே வந்து நின்றாளே, அதற்குத்தான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, காதுக்குள் சொல்வதையும் உரக்கச் சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். சொல்லுங்கள்.