முட்டுக்கட்டை இளவரசன்

இளவரசனுக்கு ஒன்று தோன்றிவிட்டால் போதும், கை கால் அவர் பேச்சைக் கேட்காது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த மகராசன். ஏன் என்று கேட்டால், "மூச்சு முட்டிச்சுபா" என்பார். ஜவுளிக்கடை வேலையும் அப்படித்தான் போனது. இப்போது ஏனாத்தூருக்குக் கல்லூரி பஸ் ஓட்டுகிறார். "இதையும் நடுவுல உட்டுட்டு வந்தே, நான் தென்னேரிக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்" என்று மனைவி ஜீவிதா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்வாள்.

அவர் வருஷம் தவறாமல் ஒழுங்காகச் செய்த வேலை ஒன்றுதான்: தேருக்கு முட்டுக்கட்டை போடுவது. ஊரே வடம் பிடித்து இழுக்கும். தேர் கிளம்பிவிட்டால் அது யார் சொல்லையும் கேட்காது. சக்கரத்தடியில் கட்டை கொடுத்து அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்தான். வேடிக்கையைப் பாருங்கள், தன்னை நிறுத்தத் தெரியாத ஆளுக்கு இந்த வேலை! இந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. அந்த வேலையில் பழக்கமில்லாத ஊர்ப் பையன் வசந்த் கட்டையை எடுத்தான்.

தேரன்று காலை, தினமும் போகும் வழியில், வீதி முனையில் போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தினார். உள்ளே நிறையப் பிள்ளைகள். மேளச் சத்தம் கேட்டதும் இளவரசனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்டியரிங்கைத் தட்டினார், எழுந்தார், உட்கார்ந்தார். தேர் வந்தது. வசந்த் கட்டையைச் சாய்க்காமல் நேராக வைத்தான். சக்கரம் உதைத்துத் தள்ள, கட்டை பஸ் பக்கம் வந்து விழுந்தது. தேர் திரும்பாமல், கூட்டம் நின்ற கடை வாசலை நோக்கிப் போனது.

எப்போது குதித்தோம் என்று அவருக்கே தெரியாது. கட்டையை எடுத்துச் சாய்த்துக் கொடுத்துக் காலால் மிதித்தார். தேர் முனகிக்கொண்டு நின்றது. ஜனங்களுக்குப் போன உயிர் வந்தது.

அப்போதுதான் உறைத்தது, ஹேண்ட் பிரேக் போடவில்லை. திரும்பிப் பார்த்தார். பஸ் கொஞ்சம் உருண்டு நின்றிருந்தது. முன்சக்கரத்தடியில் ரோட்டோரத்துக் கருங்கல் ஒன்று கிடந்தது. பக்கத்தில், அர்ச்சனைத் தட்டோடு ஜீவிதா.

"நான் வேணும்னு எறங்கலமா..." என்றார்.

"மேளம் கேட்டா நீ எறங்குவேன்னு எனக்குத் தெரியாதா? அதான் இங்கியே நின்னுக்கினு இருந்தேன். ஏறு, பசங்களுக்கு நேரமாவுது."

"தென்னேரிக்கு..." என்று இழுத்தார்.

"மொதல்ல பிரேக்கப் போடு," என்றாள் அவள். "அப்புறந்தான் இந்தக் கல்லை எடுப்பேன்."