எக்ஸ்ரே பறவை

எங்கள் மாடிக் குடியிருப்பில் கார்டு அக்காவை நாய்க்குக்கூடத் தெரியும். அவள் கையால் செய்த வாழ்த்து அட்டை கிடைத்தால் ஜென்மப் பகையாளியும் சட்டையை மாற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டுவிடுவான். நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவேன். ஆனால் இனி வருவதில் கூட்டல் கிடையாது.

மற்றவர்கள் சாயம் ஒற்றும் அச்சுகளைக் கெட்டி அட்டையில் வெட்டுவார்கள். நாலு தடவை நனைந்தால் அது ஊறின பிஸ்கட் மாதிரி தொய்ந்துபோகும். அக்கா பழைய எக்ஸ்ரே படங்களில் வெட்டினாள். பிலிம் தண்ணீருக்கு அசையாது. தாளை நாலு பக்கமும் பலகையில் ஒட்டி, பறவை வடிவில் துளையிட்ட பிலிமை மேலே வைத்து, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் வாட்டர் கலரை ஒற்றி எடுப்பாள். ஈரம் கூடினால் சாயம் அடியில் புகுந்து பறவைக்குத் தொப்பை போட்டுவிடும். வெட்டி எடுத்த துண்டையும் எறிவதில்லை. துளை வழியே ஒற்றினால் நீலப் பறவை. துண்டை வைத்துச் சுற்றிலும் ஒற்றினால் வெள்ளைப் பறவை. துண்டுகளுக்கென்று ஒரு பிஸ்கட் டின் இருந்தது.

பிலிமுக்குப் பஞ்சம் வந்த ஒரு மாதம், பீரோ மேல் கிடந்த புருஷனின் நெஞ்சுப் படத்தையே வெட்டிவிட்டாள். ஏதோ இருமலுக்கு எடுத்த படம். ஒன்றுமில்லை என்று அப்போதே அனுப்பிவிட்டார்கள். அவர் தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிப்பவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் இருப்பது நீதான் என்று நினைத்தேனே, காக்கா அல்லவா குடியிருந்திருக்கிறது என்றாராம்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி இருமல் வந்தது. புதுப் படத்தில் வலது பக்கம் மேலே ஒரு வெள்ளைப் புள்ளி. டாக்டர் பழைய படத்தைக் கேட்டார். அதிலும் இதே இடத்தில் இதே அளவில் புள்ளி இருந்தால் என்றைக்கோ ஆறிய தழும்பு, பயமில்லை. இல்லையென்றால் புதிது, அது நல்லதில்லை என்றார்.

அக்கா பழைய படத்தை நீட்டினாள். டாக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டினார். புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் பறவை வடிவத்தில் ஓட்டை. பாவம், டாக்டர் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் டின்னோடு போனார்கள். பதினாலு பறவைகள். ஒவ்வொன்றாக ஓட்டையில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுக்கு வால் நீளம், ஒன்றுக்கு இறக்கை இடித்தது. ஒன்பதாவது சரியாக உட்கார்ந்தது. அதன் இறக்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி.

புருஷன் நெஞ்சில் புள்ளி இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட பெண்பிள்ளை உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். புள்ளியைப் பார்த்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரும் குனிந்தார்.

புருஷன் மட்டும் அந்தத் துண்டை எடுத்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தார். புள்ளி விரலோடு வந்துவிட்டது.

"உன் பெயிண்ட்டும்மா," என்றார். துண்டைத் திரும்ப ஓட்டையில் வைத்தார். "எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன், வேலை முடிஞ்சதும் கழுவி வைன்னு."

"இனிமே கழுவி வைக்கிறேங்க."

பறவை துளிக்கூட மாசில்லாமல் சுத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார்.

அவர் போனபின், கூடவந்து நின்றவர்களுக்கெல்லாம் நன்றி அட்டை அனுப்பவேண்டும் என்று அக்கா உட்கார்ந்தாள். சாம்பல் கலந்த நீல வானம், அதில் வெள்ளைப் பறவைகள். நான் ஒத்தாசைக்குப் போனேன். வேலை முடிந்ததும் அச்சு, துண்டு எல்லாவற்றையும் பளிச்சென்று கழுவித் துணியில் பரப்பினாள். டின்னின் அடியில் ஒரு பறவை மிச்சமிருந்தது. அதையும் கழுவலாம் என்று எடுத்தேன்.

"அது இருக்கட்டும்," என்றாள்.

திருப்பிப் பார்த்தேன். இறக்கையில், அதே இடத்தில், தூரிகை நுனியால் வைத்த ஒரு வெள்ளைப் புள்ளி.

என் கை ஈரமாக இருந்தது. புள்ளி கரைந்துவிடாமல், ஓரத்தைப் பிடித்து டின்னுக்குள் வைத்து மூடினேன்.