மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்

தேவிபட்டினம் கடைத்தெருவில் இயற்கை உணவுக் கடை வைத்திருந்த அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் வைத்தியர். அறுபது வயதிலும் ஒட்டிய வயிறு, கறுத்த முடி. யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நகத்தை அழுத்திப் பார்ப்பார்.

சர்க்கரை நோய் இருந்த, என்னைப் பெற்ற அய்யாவின் நகத்தையும் பார்த்தார். சீனிதான் விஷம், கருப்பட்டி மருந்து, மாத்திரையை நிறுத்து என்றார். பனங்காட்டில் வளர்ந்த அய்யாவுக்கு அது பிடித்துப்போனது. மாத்திரையை நிறுத்திவிட்டு, வேளைக்கு வேளை கருப்பட்டிக் காப்பி குடித்தார்.

"அய்யா, கருப்பட்டியும் சக்கரதான்" என்று நான் கத்தியது வீண். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். மருந்தியல் பட்டம் வாங்கியவள்.

பாதத்தில் வந்த புண் ஆறவில்லை. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வைத்தியரும் பார்க்க வந்தார். வார்டு வாசலில் மறித்தேன்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தீக? உங்க பேச்சக் கேட்டுத்தான இந்தக் கதி?"

அவர் கோபப்படவில்லை. "அம்புட்டு வருசமா தின்ன மாத்திர தாயி. அந்த வெசம்தான் கால்ல எறங்கிருச்சு. முன்னாடியே எங்கிட்ட வந்திருக்கணும்."

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அவர் பொய்யராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"யாரு, வைத்தியரா?" என்றார் அய்யா கட்டிலிலிருந்து. "அவர ஏன்த்தா அங்கனயே நிறுத்தி வச்சிருக்க?"

கட்டிலில் கால் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. வைத்தியரை உட்காரச் சொல்லி, அந்த இடத்தைத்தான் அய்யா தட்டிக் காட்டினார்.