கையெழுத்துப் போடாமல் வைத்திருந்த தாள்

பாறசாலைக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் நூலகத்தில் கூட்டித் துடைப்பதும் புத்தகம் அடுக்குவதும் என் வேலை. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. நூலகர் புத்தகப் பெயர்களை ஒவ்வொன்றாக அதில் ஏற்றினார். என்னைவிட இளையவர். நான் சார் என்பேன், அவர் அண்ணா என்பார்.

பாதியில் வேலை நின்றது. பழைய புத்தகங்கள் பலவற்றுக்கு அட்டையும் இல்லை, முன்பக்கங்களும் இல்லை. செதல் பூச்சி அரித்துத் தின்றுவிட்டது. பெயர் தெரியாமல் எப்படி ஏற்றுவது? ஆனால் ஊர்க்காரர்கள் அவற்றைக் கேட்டு வாங்கிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மிஞ்சிய பக்கத்தின் முதல் வரிதான் அவர்களுக்குத் தொடக்கம். ‘அம்மை கதவைத் திறக்கவில்லை’ வேண்டும் என்பார்கள், எடுத்துக் கொடுப்பேன்.

“ஆளுவ கேக்குற வரியையே பேராப் போட்டா என்ன சார்?” என்றேன். அப்படியே போட்டார். தேடினால் கிடைத்தது.

அதைப் பற்றி நூலகர்களுக்கான மலையாள இதழுக்கு ஒரு கட்டுரை எழுதினார். என் பெயரையும் சேர்த்தார்.

“வேண்டாம் சார். நாலாங்கிளாஸுகாரன் பேரைப் பாத்தா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும் அண்ணா. வழி சொன்னது நீங்களாக்கும். நான் டைப் அடிச்ச ஆளு.”

இருவரும் கையெழுத்திட்ட சம்மதத் தாள் வந்தால் அச்சேறும் என்று இதழிலிருந்து கடிதம் வந்தது. அதற்குள் சாருக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு நாள் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். தன் கையெழுத்தைப் போட்டு, “நீங்களும் போட்டுத் தபால்ல சேத்திருங்க. அச்சுல வாறதைக் கண்ணால ஒண்ணு பாத்திரணும்” என்றார்.

எனக்குக் கூச்சம். தாளை வீட்டு பீரோவில் வைத்தேன். “அனுப்பியாச்சா?” என்று கேட்டதற்கு, “உண்டு சார், அனுப்பியாச்சு” என்றேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் இதழ் அது. வந்ததும் சார் இரண்டு தடவை புரட்டினார். “எடம் இருந்திருக்காது அண்ணா. அடுத்ததுல வரும்” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அன்று பீரோவிலிருந்து தாளை எடுத்தபோது என் மனைவி பார்த்துவிட்டாள். “கையெழுத்துப் போட பயமாக்கும்! சபை ரெஜிஸ்டர்ல என்னைக் கட்டினதுக்குப் போட்டப்போ இல்லாத பயமா?” என்றாள். போட்டு, மறுநாள் காலையில் அனுப்பினேன்.

அடுத்த இதழ் வந்தபோது சாரைத் தகனம் செய்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கட்டுரையின் முதல் வரி, ‘இந்த வழி என்னுடையது அல்ல’ என்றிருந்தது.

இதழை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் மனைவி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “வந்தாச்சா, வந்தாச்சான்னு கேட்டுட்டே கெடந்தாரு. ஏன் இவ்வளவு தாமசம் அண்ணா?”

“தபால்ல தாமசிச்சிருக்கும்” என்றேன்.

அவர் நம்பினார். காப்பி போட உள்ளே போனார்.