முப்பதாவது முகம்

அடையாள அட்டைக்குப் படம் எடுத்தே பதினைந்து வருடம் ஓட்டியவள் அந்தப் புகைப்படக்காரி. ஒருநாள், கலையில் அப்போதுதான் கால் வைத்திருக்கும் முப்பது பேரை அவரவர் இடத்திலேயே படம் எடுப்பது என்று முடிவு செய்தாள்.

“யாருக்குமே தெரியாத ஆளுங்கள எடுத்து என்னக்கா பண்ணப் போற?” என்றாள் தங்கை.

“தெரியறதுக்குத்தான்டி எடுக்கறேன்.”

முப்பதாவது ஆள், சலவைக் கடையில் துணி தேய்த்துக்கொண்டே நாடகம் எழுதும் பெண். கேமராவைக் கண்டதும் விறைத்துப்போனாள். பத்துப் படம் எடுத்தும் ஒன்றிலும் உயிரில்லை. புகைப்படக்காரி கேமராவை இறக்கினாள்.

“நீங்க எழுதினதுல ஒரு சண்டையைப் படிச்சுக் காட்டுங்களேன்.”

ஒரு பீரோவுக்காக இரண்டு சம்பந்திகள் மோதும் காட்சி அது. இரண்டு குரலிலும் அவளே பேசினாள். கோபம் ஏற ஏற, இஸ்திரிப்பெட்டியை ணங்கென்று மேசையில் வைத்தாள். துணி வாங்க வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்த நொடியில் புகைப்படக்காரி கேமராவைத் தூக்கினாள்; உயிருள்ள படம் அப்போதுதான் விழுந்தது.

முப்பது படங்களையும் வைத்து அவள் நடத்திய கண்காட்சியில் ஒரு நாடகக் குழுத் தலைவி அந்தப் படத்தை விட்டு நகரவே இல்லை.

“இவங்க அப்படி என்ன சொல்லிட்டிருக்காங்க?”

“கடை பக்கத்துலதான். நேர்லயே போய்க் கேளுங்க” என்று வழி சொன்னாள் புகைப்படக்காரி.

நான்கே மாதத்தில் சம்பந்திகள் மேடையேறினார்கள். அதற்குள் புகைப்படக்காரி அடுத்த முப்பது பேரைத் தேடத் தொடங்கியிருந்தாள்.