எதிர்மரை

பம்பு ஆலையை மூடியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கடைசல் பிரிவில் காலமெல்லாம் தான் ஓட்டிய பழைய லேத். "கொண்டு போம்மா, யாரு தடுக்கறா?" என்றார் மேனேஜர். வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் அதை இறக்குவதற்குள் வந்த ஆட்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அன்றிலிருந்து தெருவுக்கு அவள் லேத்தக்கா.

கணவர் போன பிறகு வீட்டின் முன்பாதி கொழுந்தனுக்கு, பின்பாதியும் கொட்டகையும் அவளுக்கு என்று பிரித்திருந்தார்கள். கொழுந்தன் புதிதாகக் கார் வாங்கினான். பச்சைப் பிள்ளையைத் துடைப்பதுபோல அதைத் துடைப்பான். நிறுத்தத்தான் இடமில்லை.

மகளின் பிரசவத்துக்குப் போய்த் திரும்பிய அவள் கொட்டகையைத் திறந்தால், பாதியை அடைத்துக்கொண்டு கார் நின்றது. லேத்தை அசைக்க முடியாததால் அது மூலையில் தப்பியிருந்தது. அலமாரியைக் காணோம். அதிலிருந்த பல்சக்கரப் பெட்டியையும் காணோம்.

"பெட்டி எங்க தம்பி?"

"அந்தத் துருவா? பழைய இரும்புக்குப் போட்டுட்டேன் அண்ணி. இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?"

இரும்புக்கடைக்கு ஓடினாள். சரக்கு உலைக்குப் போய்விட்டிருந்தது. அந்தச் சக்கரங்கள் இல்லாமல் லேத்தில் இரும்பைக் கடையலாம். நட்டு, போல்ட்டுக்குத் திருகும் மரை போட முடியாது. மரை போடாத லேத் அவளுக்கு ஊமைப் பிள்ளை மாதிரி.

சொந்தக்காரர்கள் எல்லோரும் விட்டுத்தள்ளச் சொன்னார்கள். அவள் விடவில்லை, சத்தமும் போடவில்லை. மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து புதுச் சக்கரங்கள் செய்தாள். மோட்டாரை நிறுத்திவிட்டு, லேத்தில் உளி பூட்டி நகரும் வண்டியைக் கையால் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு பல் வெட்டினாள். ஒவ்வொன்றும் கொழுந்தனின் பல் என்று நினைத்துக்கொண்டால் கை வலிக்கவில்லை.

சக்கரங்கள் பொருந்தியதும் முதல் வேலையாகத் தடித்த போல்ட்டுகளும் நட்டுகளும் கடைந்தாள். எல்லாம் எதிர்மரை. சாதாரண நட்டு கழலும் பக்கம் திருப்பினால் இது இறுகும்.

தன் மாமனாரைக் காரில் அழைத்துவருவதாகக் கொழுந்தன் பீற்றிக்கொண்டிருந்த நாள் வந்தது. காலையில் சென்ட் மணக்க வந்தவன், கொட்டகை வாசலில் காருக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் முடுக்கியிருப்பதைப் பார்த்தான்.

"என்ன அண்ணி இது?"

"என் கொட்டகைக்குச் சட்டம் போட்டேன். நட்டுதான தம்பி? கழட்டிட்டுப் போ."

ஸ்பேனரோடு வந்து தம் கட்டித் திருகினான். சட்டை நனைந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டான். அவர் லேத்தக்காவோடு ஆலையில் வேலை பார்த்தவர். குனிந்து மரையைப் பார்த்தார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தன் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இது நம்மால ஆகாது சார். அறுத்துத்தான் எடுக்கணும்."

"ஐயோ, பொறி பறந்து பெயிண்ட் போயிடும்," என்று கொழுந்தனே பதறினான்.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. மாமனார் போன்மேல் போன் போட்டார். அவள் படியில் உட்கார்ந்து டீ குடித்தாள்.

"இப்ப என்னதான் வேணும் அண்ணி?"

"நீ என்ன செஞ்சேன்னு இவங்க காதுபடச் சொல்லு."

என்னவோ முனகினான்.

"கேக்கல."

"ஒங்க பொருளை ஒங்களைக் கேக்காம வித்துட்டேன். தப்புதான். போதுமா?"

அவள் எழுந்து வந்து அவன் கையிலிருந்த அதே ஸ்பேனரை வாங்கி, அவன் திருப்பாத பக்கம் திருப்பினாள். நட்டு கழன்றது. அதுவரை இறுக்கிக்கொண்டிருந்தது தானே என்று புரிந்தபோது அவன் முகம் போன போக்கைத் தெரு ரொம்ப நாள் பேசியது.

கார் வெளியே போனதும் சட்டத்தை மறுபடி முடுக்கினாள். இப்போது கார் தெருவில், காக்கைகள் அடையும் மரத்தடியில் நிற்கிறது. கொழுந்தன் அவளோடு பேசுவதில்லை. தப்பை ஒத்துக்கொண்டவனை மன்னித்தால் என்ன என்று மகள் கேட்டாள். மன்னிக்கலாம்தான். அவளுக்கு மனசு வரவில்லை. வராததில் வருத்தமும் இல்லை. காலையில் அவன் வாளியும் துணியுமாக எச்சத்தைத் துடைக்கக் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் அவள் லேத்தை ஓட்டுகிறாள்.