என் நிறத்துக்கு எடுப்பான நிறம்

போன கிழமை அக்காவின் மகள், என் பெறாமகள், கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். மறுநாள் எங்களுக்கு ஒரு கலியாண வீடு இருந்தது. "சித்தி, கொஞ்சம் அசையாம நில்லுங்கோ. உங்கட நிறத்துக்குக் கண்ணுக்கு எந்தக் கலர் எடுப்பு எண்டு இது தானாச் சொல்லும்" என்றாள். நின்றேன். திரையில் ஒரு வட்டம் என் முகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு முகம் மெல்ல வெளுக்கத் தொடங்கியது. மூக்கோரத்து நிழல் போயிற்று, நெற்றி மினுங்கிற்று, கடைசியில் என்னுடைய பற்களை வைத்துக்கொண்டு வேறு யாரோ ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இளநீலம் எடுப்பாக இருக்கும் என்று தொலைபேசி தீர்ப்புச் சொன்னது.

பெறாமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கக் குசினிக்குப் போனவள், அடுப்பைப் பற்றவைக்காமலே கேத்தலைப் பார்த்தபடி கனநேரம் நின்றிருக்கிறேன். இதே வேலையை முன்பொரு தரம் எனக்கு ஒரு மனுசி செய்திருக்கிறாள். யந்திரம் செய்தால் சிரிக்கலாம். அவள் செய்தபோது சிரிப்பு வரவில்லை.

கண்ணுக்குப் பூசும் பென்சிலைச் சீவும்போது வருகிற வாசம் உங்களுக்குத் தெரியுமா? பள்ளிக்கூடப் பென்சிலின் மரவாசம்தான், ஆனால் அதோடு மெழுகுவாசமும் கொஞ்சம் கலந்திருக்கும். ஏ.எல். சோதனை முடித்து, பெறுபேறு சொல்லும்படியாக இல்லாமல் போய், சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் வீட்டோடு இருந்த என்னை அந்த வாசம்தான் திருகோணமலை நகரத்துக்கு இழுத்தது என்று சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்வதாகிவிடும். உண்மையில் அம்மாவின் பேச்சுத் தாங்காமல்தான் போனேன். நாட்டில் சண்டை முடிந்து, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்கள் திரும்ப எழும்பிக்கொண்டிருந்த காலம். கலியாணங்களும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடுகளும் பெருத்துவிட்டன. பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், துறைமுக வீதிப் பக்கமாக ஒரு மாடிக்கடையில் வசந்தா அக்கா அழகு நிலையம் திறந்திருந்தா. உதவிக்கு ஆள் தேவை என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஏறிப் போய்க் கேட்டேன். அன்றைக்கே நிற்கச் சொல்லிவிட்டா.

வசந்தா அக்காவுக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். பொதுநிறம், உரத்த சிரிப்பு. ஒருவரோடு கதைக்கும்போது அவருடைய நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்புவது அவவுடைய பழக்கம். மீன் வாங்க வந்த ஆள் செவுளைப் பார்ப்பதுபோல இருக்கும். முதல்நாள் என்னையும் அப்படித் திருப்பிப் பார்த்தா. எனக்குக் கூசியது. நான் நல்ல கறுப்பு. அப்பாவின் நிறம். எங்கள் வீட்டில் மற்ற எல்லோரும் ஒருபடி வெளுப்பு என்பதால், என் நிறம் வீட்டில் யாருக்கோ வந்த வருத்தத்தைப்போல மெல்லிய குரலில்தான் பேசப்படும்.

கடைக்குக் கீழே எப்போதும் இரண்டு மூன்று மான்கள் நிற்கும். பெண்ணின் கண்ணை மானோடு ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் திருகோணமலை பஸ் நிலையத்து மானைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். அது மரக்கறிக்கடைக் கோவா இலையையும் சொப்பிங் பேக்கையும் ஒன்றாய் மென்றுகொண்டு, பஸ்ஸுக்கு வழிவிடாமல் நிற்கும். ஆனால் கண் என்னவோ கண்தான். ஒருநாள் கச்சான் காற்று அடித்துப் புழுதி கிளம்பி வாடிக்கையாளர் ஒருவரும் வராத மத்தியானம், வசந்தா அக்கா யன்னலால் அந்த மானைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா, "பார், அதுக்குக் கறுப்பு மையே இல்லை. மண்ணிறத்தில ஒரு கோடு, அதுக்கு வெளியால வெள்ளையாய் ஒரு கோடு. நீ ஏன் எப்பவும் கறுப்பையே அப்புறாய்?"

அதுவரைக்கும் நான் கறுப்பு மை தவிர வேறொன்றும் பூசியதில்லை. கறுத்த ஆட்களுக்கு அதற்குமேல் ஒன்றும் பொருந்தாது என்று நினைத்திருந்தேன். அக்கா என்னைக் கதிரையில் இருத்தி, மேசை லாச்சியில் கிடந்த மிச்சம்மீதிப் பென்சில்களையெல்லாம் கொட்டினா. இளஞ்சிவப்பைத் தடவிப் பார்த்தா. சாம்பல் பூசியதுபோல இருந்தது. இளநீலம், வேண்டாம், சொல்லவே வெட்கம். பிறகு செம்பு நிறத்தில் ஒன்றை எடுத்து மேல் இமையில் விரலால் பரப்பினா. கீழிமைக்குக் கடும்பச்சை, கண்ணோரத்தில் கொஞ்சமே கொஞ்சம் கத்தரிப்பூ நிறம். இவ்வளவும் நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது நடந்தது. அவவுடைய விரலின் சூடு மட்டும்தான் தெரிந்தது. "இப்ப திற" என்றா.

திறந்தேன். கறுப்பு மை என் முகத்தில் கரைந்து காணாமல் போய்விடும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. செம்பு அப்படியில்லை, தோலுக்குள்ளிருந்து வந்த வெளிச்சம்போல இமையில் நின்றது. பச்சை பட்டதும் கண்ணின் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. எனக்கு இவ்வளவு பெரிய கண் இருந்ததா என்று நானே யோசித்தேன். "வெள்ளைத் தோலில இது செம்மண் பூசினமாதிரி இருக்கும். உன்ர நிறத்துக்குத்தான் எடுப்பு" என்று வசந்தா அக்கா சொன்னா. என் நிறத்துக்குத்தான் என்று ஒருவர் ஒரு நல்ல விஷயத்தைச் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். அன்றைக்குப் பின்னேரம் முகம் கழுவாமலே பஸ் ஏறினேன். அம்மா பார்த்துவிட்டு, என்ன கோலம் இது என்று மட்டும் கேட்டா.

அதன் பிறகு எனக்கு வசந்தா அக்கா சொன்னது வேதவாக்கு. கலியாணத்துக்குப் பொம்பிளை வெளிக்கிடுத்தப் போகும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். கறுத்த பிள்ளைகள் வந்தால் கண்ணை மட்டும் என்னிடம் விடுவா. கறுப்பிலும் பல விதம் உண்டு என்று அப்போதுதான் கண்டேன். மஞ்சளோடிய கறுப்புக்குச் செம்பு பிடிக்கும். நீலமோடிய கறுப்புக்குக் கடும் ஊதா இன்னும் பிடிக்கும். முகத்தில் பவுடரை அள்ளி அப்பிவிட்டுப் பிறகு கண்ணுக்கு எந்த நிறத்தைப் போட்டாலும் சரிவராது. இதையெல்லாம் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்காமலே சொல்லுவேன். என்னைத் தாங்கிக்கொண்ட அந்த நிலாவெளி பஸ் சனங்களுக்கு நன்றி.

ஒருநாள் அக்கா என்னுடைய படத்தை எடுத்துக் கடைக்கு முன்னால் பெரிய பெனராகப் போடப்போவதாகச் சொன்னா. ஒன்று வெறும் முகம், மற்றது கண் பூசிய முகம். "வாற பிள்ளையள் எல்லாம் வெள்ளையாக்கி விடச் சொல்லுதுகள். உன்ர ரெண்டு படத்தையும் பார்த்தா நிறத்தில பிழையில்லை எண்டு விளங்கும்" என்றா. அந்த வசனத்தை நான் எத்தனை தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன் தெரியுமா? ஸ்டூடியோக்காரர் கடைக்கே வந்து எடுத்தார். கமராவின் பின்புறச் சின்னத் திரையில் இரண்டாவது படத்தைக் காட்டினார். மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். அக்கா என் முதுகில் தட்டினா.

பெனர் ஏறிய காலை, பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரிந்தது. இடது பக்கத்தில் நான், எண்ணெய் வழிய, தூக்கத்தால் எழும்பியவள்போல. வலது பக்கத்தில் இருந்தவளும் நான்தான். ஆனால் கோதுமை மாவைப்போல வெள்ளை. செம்பும் பச்சையும் இல்லை, இமையெல்லாம் இளநீலம். நடுவில் ஒரு அம்புக்குறி.

நான் மேலே ஏறி ஓடினேன். அச்சடித்த இடத்தில் விட்ட பிழை, கொழும்பில் கணினியில் ஏதோ செய்துவிட்டார்கள், மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன் என்று வசந்தா அக்கா சொன்னா. நம்பினேன். நம்பியது மட்டுமல்ல, மற்றவர்களையும் நம்பவைத்தேன். கூடப் படித்தவள் ஒருத்தி பஸ்ஸில் ஏளனமாய்க் கேட்டபோது, அது அச்சுப் பிழை என்று அவளோடு சண்டைக்குப் போனேன். சல்லியில் சனம் கதைத்தபோது அக்காவுக்காக நான் வழக்காடினேன். மாதங்கள் போயின. பெனர் மாறவில்லை. மாற்ற இன்னும் ஆள் வரவில்லை என்று அக்கா சொன்னா, நானும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகுதான் தோப்பூரிலிருந்து ஒரு உம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு அடுத்த மாதம் கலியாணம். மெலிந்த பிள்ளை, என்னைவிட ஒரு பிடி கறுப்பு, நீண்ட இமை. கண்டவுடனேயே கடும் ஊதா என்று தீர்மானித்துவிட்டேன். திரைக்குப் பின்னால் போய்ப் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கும்போது அந்த உம்மாவின் குரல் கேட்டது. "கீழ படத்தில இருக்கிறது இப்ப உள்ள போன புள்ளதானே? புள்ள அப்படியேதானே கறுப்பா இரிக்கி?"

வசந்தா அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை. "ஓம், அவதான். என்ர கிறீமைப் பூசேக்க அப்படித்தான் வெளுத்து இருந்தவ. இடையில பூசிறதை விட்டுட்டா, அதுதான் பழையபடி கறுத்துப்போனா. நீங்கள் பிள்ளையை விடாமப் பூசச் சொல்லுங்கோ."

பென்சில் முனை உடைந்தது. நான் சீவுவதை நிறுத்தவில்லை, அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். முழு மரமும் சுருள் சுருளாய் விழுந்துகொண்டிருந்தது. பிறகு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வசந்தா அக்கா என்னைப் பார்த்தா. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தேத்தண்ணி போடச் சொல்லப்போகிறவளைப்போல இருந்தா. நான் அந்தப் பிள்ளையிடம், "தங்கச்சி, நான் ஒருநாளும் ஒரு கிறீமும் பூசினதில்லை. அந்தப் படம் பொய். உங்கட கண்ணுக்கு ஊதா நல்லா இருக்கும்" என்றேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள், பிறகு உம்மாவைப் பார்த்தாள். உம்மா மேசையில் அடுக்கியிருந்த கிறீம் போத்தல் ஒன்றைக் கையில் எடுத்து மூடியைத் திறந்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தா. இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு போனார்கள். படியில் இறங்கும்போது அந்தப் பிள்ளை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

அவர்கள் போனபிறகு அக்காவிடம் கேட்டேன். அச்சுக்காரர் செய்த பிழை என்று ஏன் சொன்னீர்கள் என்றேன். வெள்ளையாக்கச் சொல்லிக் கொடுத்ததே தான்தான் என்று சாதாரணமாகச் சொன்னா. உள்ள படத்தைப் போட்டால் ஒருவரும் படி ஏறமாட்டார்கள், கறுத்த முகத்தைப் பார்க்கச் சனம் காசு கொடுக்குமா என்று கேட்டா. என்னைப் பற்றி ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றேன்.

"நான் உன்னைக் கதைச்சதோ? படத்தையெல்லோ கதைச்சனான்."

இதைச் சொல்லிக்கொண்டே என் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினா, அழுகிறேனா என்று பார்ப்பதற்கு. நான் கையைத் தட்டிவிட்டேன். அவவுக்கு அது உண்மையிலேயே விளங்கவில்லை என்று நினைக்கிறேன். ஏன் கோபிக்கிறாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டா.

அன்று வழக்கத்தைவிட முந்திய பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். அம்மா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. பக்கத்தில் குந்தியிருந்து ஒன்றும் விடாமல் சொன்னேன். அம்மா வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. அவ கண் கலங்கியதைப் பார்த்து, இந்தப் பூமியில் எனக்கென்று ஒரு ஆள் இருக்கிறது என்று நினைத்தேன். சொல்லி முடித்தபிறகு அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டா.

"அந்தக் கிறீம் உண்மையாவே வேலை செய்யுமோ பிள்ளை?"

நான் எழும்பிக் கடற்கரைக்குப் போய்விட்டேன். வலை காயப்போட்டிருந்த இடத்தில், பொழுது சாயும்வரை இருந்தேன். வசந்தா அக்காமேல் வந்த கோபம் எப்படியோ நாளடைவில் ஆறிவிட்டது. அம்மாவின் அந்தக் கேள்விதான் இன்னும் ஆறவில்லை. அவ நல்லதை நினைத்துத்தான் கேட்டா என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

பிறகு நான் கடைக்குப் போகவில்லை. அக்கா இரண்டு தரம் ஆளனுப்பினா. நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்து, அங்கேயே கலியாணமும் பொருந்தி, கலியாணத்தன்று யாரிடமும் கண்ணைக் கொடுக்காமல் நானே பூசிக்கொண்டேன். ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பூசியது. இரண்டும் ஒரே மாதிரி வரவில்லை. மாப்பிள்ளை கவனித்ததாகத் தெரியவில்லை, அல்லது கவனித்தும் சொல்லவில்லை. நல்ல மனுசன்.

பெனரை ஒரு மாரிக் காற்று கிழித்துக்கொண்டு போயிற்று. வசந்தா அக்கா வெளிநாடு போய்விட்டா. அந்த மாடியில் இப்போது தொலைபேசி உறை விற்கிறார்கள். செம்பு நிறப் பென்சிலைத் தேடி நகரத்துக் கடைகளெல்லாம் ஏறி இறங்கினேன், அதே பெயரில் வருகிறது, நிறம் அதுவல்ல. அம்மாவும் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டா.

அம்மாவின் படத்தைப் பெரிதாக்கக் கொடுக்கப் போனபோதுதான் ஸ்டூடியோக்காரரிடம் கேட்டேன், என்னுடைய அந்த இரண்டாவது படம், மாற்றுவதற்கு முன்பு எடுத்தது, எங்கேயாவது இருக்குமா என்று. பழைய கணினியோடு எல்லாம் போய்விட்டது தங்கச்சி, என்ன படம் அது, எனக்கு ஞாபகமில்லையே என்றார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். அன்று அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். அவருக்கு மறந்துவிட்டது. வசந்தா அக்காவிடம் கேட்க மனமில்லை. பஸ்ஸுக்காக நின்றபடி கண்ணை மூடி, அன்றைக்கு அந்தச் சின்னத் திரையில் நான் எப்படி இருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். எவ்வளவு முயன்றும் அந்தப் பெனரில் இருந்தவளின் முகம்தான் வந்தது.